பிறந்த பிள்ளையின் முதல் ஹக்கு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.





காலையில் கடைக் கதவைத் திறக்கும்போது பிஸ்மில்லாஹ் சொல்லுகிறோம். கல்லாவில் கை வைக்கும்போதும், புதுக் கணக்குப் புத்தகத்தில் முதல் வரி எழுதும்போதும் சொல்லுகிறோம். அந்தத் திருவாக்கியத்திலே ரஹ்மான், ரஹீம் என்று அல்லாஹ்வின் இரண்டு திருநாமங்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் வேர் ரஹ்மத் என்னும் பேரருள். அரபு மொழியிலே தாயின் கருப்பைக்கும் ரஹிம் என்றே பெயர். அதுவும் அதே வேரில் முளைத்த சொல்தான். கருப்பையின் பெயரைத் தன் திருநாமத்திலிருந்தே அமைத்ததாக அல்லாஹ் கூறியிருக்கிறான் என்று ஹதீஸில் வந்திருக்கிறது. மதரஸாவில் சிறு வயதில் உஸ்தாது இதைச் சொல்லிக் கொடுத்தபோது நாம் மனப்பாடம் செய்தோமேயன்றி, அதன் பொருளை உணர்ந்தோமில்லை. தலை நரைக்கத் தொடங்கிய பிறகுதான் கொஞ்சம் உணர்கிறோம்.

ரஹ்மத்தின் பெயரைத் தாங்கிய அந்த இடத்தை விட்டு ஒரு சிசு வெளியே வருகிறது. வந்தவுடன் அது எங்கே போக வேண்டும்? இதுதான் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம். பிறந்த பிள்ளையை உடனே தாயின் வெறும் மார்பின்மீது, மேனியோடு மேனி படும்படி கிடத்தி, முதல் ஒரு மணி நேரமாவது பிரிக்காமல் விட வேண்டும் என்று இன்றைய வைத்திய உலகம் சொல்லுகிறது. நம் வீட்டுப் பெண்களில், அதிலும் தலைப்பிரசவத்துக்குப் போகும் பெண்களில், இதை அறிந்தவர்கள் குறைவு. அறிந்தவர்களும் கூச்சத்தாலோ, பெரியவர்களுக்கு அஞ்சியோ வாய் திறப்பதில்லை.

“இது பெண்கள் சமாசாரமாயிற்றே, வியாபாரிகள் வாசிக்கும் பத்திரிகையில் இதற்கு என்ன வேலை?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த முதல் மணி நேரத்தில் பிள்ளையைத் தாயிடமிருந்து வாங்கிப் போகிறவர்கள் யார்? பெரும்பாலும் வெளியே காத்து நிற்கும் நாம்தான். ஆகவே இந்தக் கணக்கு நம் பேரேட்டில்தான் எழுதப்பட வேண்டும்.

முதலில் நம் சொந்தக் குற்றத்தைச் சொல்லிவிடுகிறோம். 2001-ஆம் ஆண்டில் நமக்கு மூத்த மகள் பிறந்தாள். ஒரு சிறிய தனியார் பிரசவ விடுதி. பின்னிரவில் வலி கண்டு, ஸுபுஹுக்குப் பிறகு பிரசவமாயிற்று. வெளியே நாமும், நம் தாயாரும், பெரியப்பா, மச்சான், கடைச் சிப்பந்திகள் இருவருமாக ஒரு கூட்டமே நின்றோம். அழுகுரல் கேட்டதும் நமக்கு இருப்புக் கொள்ளவில்லை. “பாங்கு சொல்ல வேண்டும், பிள்ளையைக் கொண்டு வாருங்கள்” என்று இரண்டு முறை ஆள் விட்டோம். குளிப்பாட்டித் துணியில் சுற்றிக் கொண்டு வந்து கொடுத்தார்கள். நாம் பாங்கு சொன்னோம். இரண்டே நிமிடம். ஆனால் பிள்ளை அந்த இரண்டு நிமிடத்தில் தாயிடம் திரும்பவில்லை. பெரியப்பா கைக்குப் போயிற்று, மச்சான் கைக்குப் போயிற்று, நம் தாயார் சீனித் தண்ணீர் தொட்டுச் சேனை வைத்தார்கள், போட்டோ எடுத்தோம், கேட்டவர்களுக்கெல்லாம் பேர்ச்சம்பழம் கொடுத்தோம். உள்ளேயிருந்து நம் மனைவி இரண்டு தடவை பிள்ளையைக் கேட்டனுப்பினாள். “இதோ வருகிறது” என்று பதில் அனுப்பினோம். திரும்பப் பிள்ளையை அவளிடம் கொடுத்தபோது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. சீனித் தண்ணீர் குடித்த பிள்ளை கண்ணயர்ந்து கிடந்தது. மார்பில் வைத்தாலும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் நாளும் சரியாகப் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் பால் கட்டி அவளுக்குக் காய்ச்சல் கண்டது. டின் பால் வாங்கி வந்தோம். அவள் அழுதாள். தலைப்பிள்ளைக்காரி, பலவீனம், அழுகிறாள் என்று நாம் நினைத்துக் கொண்டோம்.

அல்லாஹ் மன்னிப்பானாக. பிள்ளை நன்றாகத்தான் வளர்ந்தாள். எனினும், உரியவரிடம் சேர்க்க வேண்டிய பொருளை வழியில் நிறுத்தி நாலு பேருக்குக் காட்டி மகிழ்ந்துவிட்டுத் தாமதமாகச் சேர்த்தால், அதற்கு வியாபாரத்தில் என்ன பெயர்? அமானிதத்தில் குறை வைத்தல் என்று நாமே சொல்லுவோம்.

இந்தக் கணக்கு நமக்கு இருபது வருஷத்துக்கு மேல் விளங்காமலே கிடந்தது. அந்த மகளே கடந்த ஆண்டு தலைப்பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வந்திருந்தாள். நம் கடைக்கு வாடிக்கையாக வரும் ஒரு தாதி, பிரசவ வார்டில் வேலை பார்ப்பவர், ஒருநாள் சாமான் வாங்கிக்கொண்டே கேட்டார்:

“நானா, மகளுக்கு இது எத்தனாவது மாசம்? பிள்ளை பிறந்ததும் நெஞ்சிலே போட்டுக்கணும்னு அதுக்குத் தெரியுமா?”

“அதெல்லாம் நீங்கள் பார்த்துக்கொள்ள மாட்டீர்களா, தங்கச்சி?” என்றோம்.

“நாங்க போடத்தான் செய்யிறோம், நானா. ஆனா முதல் பிள்ளைக்கு வர்ற பொண்ணுங்க நிறையப் பேர் பயந்துடுறாங்க. கழுவாம எப்படி நெஞ்சிலே வைக்கிறது, எடுங்கன்னு சொல்லிடுறாங்க. யாரும் முன்னாடியே சொல்லி வைக்கிறதில்லே. வெளியே நிக்கிற ஆம்பிளைங்க வேற, கொண்டா கொண்டான்னு ஆள் மேலே ஆள் அனுப்புறாங்க.”

நமக்குச் சுருக்கென்றது. அன்றிரவு சாப்பாட்டு நேரத்தில் மகளிடம் கேட்டோம். தொட்டில் என்ன விலை, எந்தக் கடையில் என்ன சட்டை என்பதெல்லாம் தெரிந்திருந்த பிள்ளைக்கு இது தெரிந்திருக்கவில்லை. “கிளினிக்கில் ஏதோ சொன்னார்கள் அத்தா, நான் சரியாகக் கவனிக்கவில்லை” என்றாள். நம் மனைவி சோற்றுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: “அன்னைக்கு எனக்கும் யாரும் சொல்லலே. சொல்லியிருந்தா நான் பிள்ளையைக் கொடுத்திருக்கவே மாட்டேன்.”

அதற்கு நம்மிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் கிதாபுகளில் சொல்லப்பட்டதையும், வைத்தியர்கள் சொல்லுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

சகோதரர்களே! புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம் இருக்கிறது. பெருமானார் (ஸல்) அவர்களிடம் போர்க் கைதிகள் கொண்டு வரப்பட்டார்கள். அவர்களில் ஒரு பெண் எதையோ பறிகொடுத்தவளைப் போலத் தேடித் திரிந்தாள். கைதிகளின் நடுவே ஒரு குழந்தையைக் கண்டதும் அப்படியே வாரியெடுத்துத் தன் மேனியோடு சேர்த்து அணைத்துப் பாலூட்டினாள். அதைக் காட்டிப் பெருமானார் தோழர்களிடம், இவள் தன் பிள்ளையை நெருப்பில் எறிவாளா என்று கேட்டார்கள். ஒருபோதும் எறியமாட்டாள் என்றார்கள் தோழர்கள். இந்தத் தாய் தன் பிள்ளைமீது கொண்ட இரக்கத்தைவிட அல்லாஹ் தன் அடியார்மீது கொண்ட இரக்கம் பெரிது என்று பெருமானார் விளக்கினார்கள்.

இந்த ஹதீஸை நாம் எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். அல்லாஹ்வின் அருளுக்கு உவமையாக மலையைக் காட்டவில்லை, கடலைக் காட்டவில்லை. பிள்ளையைத் தன் மேனியோடு ஒட்டிக்கொண்ட ஒரு தாயைக் காட்டினார்கள். அவள் முதலில் செய்தது என்ன? அணைத்தாள், பிறகு பாலூட்டினாள். அந்த வரிசையைக் கவனியுங்கள். இன்று வைத்தியர்கள் சொல்லும் வரிசையும் அதுவேதான்.

அவர்கள் சொல்லுவதை நமக்கு விளங்கிய மட்டில் சொல்லுகிறோம். கருப்பைக்குள்ளே சிசு ஏறக்குறைய 37 டிகிரி உஷ்ணத்தில் இருக்கிறது. பிரசவ அறையோ அதைவிடக் குளிர்ந்தது. ஈர உடம்போடு வெளியே வரும் சிசு, மழையில் நனைந்து வந்து மின்விசிறியின் கீழ் நிற்கிறவனைப்போல, வெகு சீக்கிரம் சூட்டை இழக்கிறது. பெரியவர்களைப்போல நடுங்கிச் சூடு உண்டாக்கிக் கொள்ளும் வலிமை அதற்கில்லை. ஆகவே உடம்பை நன்கு துடைத்து, ஆடையில்லாமல் தாயின் வெறும் மார்பில் குப்புறக் கிடத்தி, தலைக்குக் குல்லா போட்டு, தாயையும் சேயையும் ஒரே போர்வையால் மூடிவிடுகிறார்கள். தாயின் மேனிச் சூடே சிசுவுக்குக் கணப்பாகிறது. உள்ளேயிருந்து பல மாதம் கேட்ட அதே இதயத் துடிப்பும் அதே குரலும் காதில் விழுகின்றன. அழுகை அடங்குகிறது, மூச்சும் நாடியும் சீர்ப்படுகின்றன, இரத்தத்தில் சர்க்கரை குறைந்து போகாமல் நிற்கிறது. தாயின் சருமத்திலுள்ள, தீங்கற்ற நுண்ணுயிர்கள் சிசுவின் மேனியில் முதலில் குடியேறுகின்றன.

தாய்க்கும் லாபமுண்டு. பிள்ளையின் ஸ்பரிசத்தால் அவள் உடம்பில் ஆக்ஸிடோசின் என்னும் ஒருவகைச் சுரப்பு பெருகுகிறது. அது கருப்பையைச் சுருங்கச் செய்ய உதவுகிறது, பால் இறங்கவும் உதவுகிறது. பதற்றமும் தணிகிறது.

எல்லாவற்றிலும் அதிசயம் இன்னொன்று. சிசுவை அவ்வாறே தொந்தரவு செய்யாமல் விட்டால், சற்று ஓய்ந்து கிடந்து, பிறகு கண் விழித்து, வாயைச் சப்புக்கொட்டி, காலால் உந்தி உந்தித் தாயின் மார்பைத் தானே தேடிப் போகிறது. பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் தானே வாய் வைத்துவிடுகிறது. சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1987-இல் இதை விவரமாக எழுதினார்கள். கண்டுபிடித்தவர்கள் அவர்கள், கற்றுக் கொடுத்தவன் அல்லாஹ். அந்த முதல் வாயில் இறங்கும் சீம்பால் மஞ்சள் நிறமாய்க் கொஞ்சமாய்த்தான் இருக்கும். நம் ஊர்ப்பக்கத்துப் பழைய கிழவிகள் அதைப் பீய்ச்சி ஊற்றிவிடச் சொல்லுவார்கள். நோயை எதிர்க்கும் சக்தி அதில்தான் நிறைந்திருக்கிறது. விலை மதிப்புள்ள சரக்கு எப்போதும் சின்னப் பொட்டலத்தில்தான் வரும் என்பது வியாபாரிகளுக்குத் தெரியாததா?

இது யாரோ ஒருவர் சொன்ன புதுமை அன்று. 1978-இல் கொலம்பியா நாட்டுப் பொகோட்டா நகரில், குறைமாதப் பிள்ளைகளை வைக்கக் கண்ணாடிப் பெட்டிகள் போதாமையால், எட்கர் ரேய் என்னும் டாக்டர் அப்பிள்ளைகளைத் தாய்மாரின் மார்போடு சேர்த்துக் கட்டி வளர்க்கச் செய்தார். கங்காரு தன் குட்டியைச் சுமப்பதுபோல் இருந்ததால் அதற்குக் கங்காரு முறை என்று பெயர் வந்தது. 1991-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப் நிறுவனமும் சேர்ந்து, குழந்தைக்கு உகந்த ஆஸ்பத்திரிகளை உண்டாக்கும் திட்டத்தைத் தொடங்கின. மலேசிய அரசாங்க ஆஸ்பத்திரிகள் 1990-களிலேயே அத்திட்டத்தில் சேர்ந்தன. சிங்கப்பூரின் பெரிய ஆஸ்பத்திரிகள் சிலவும் 2010-களில் அந்தத் தகுதியைப் பெற்றன. பிறந்தவுடன் மேனியோடு மேனி சேர்ப்பது அத்திட்டத்தின் பத்துப் படிகளில் ஒன்று.

கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, டான்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் நடந்த ஒரு பெரிய ஆராய்ச்சி 2021-இல் வெளியாயிற்று. எடையில் ஒரு கிலோவுக்குக் குறையாமலும் 1.8 கிலோவை எட்டாமலும் பிறந்த சின்னஞ்சிறு பிள்ளைகளைப் பற்றியது அது. முதலில் உடல்நிலை தேறட்டும், பிறகு தாயிடம் கொடுக்கலாம் என்ற பழைய முறையில் முதல் 28 நாட்களுக்குள் நூற்றுக்கு 15.7 பிள்ளைகள் இறந்தன. பிறந்தது முதலே தாயின் மார்பில் வைத்துப் பராமரித்ததில் அது நூற்றுக்கு 12 ஆகக் குறைந்தது. நூறு வீட்டில் ஏறக்குறைய நாலு வீட்டு ஜனாஸா குறைந்தது என்று பொருள். நிறை மாதத்தில் பிறக்கும் பிள்ளைக்கு இவ்வளவு பெரிய ஆபத்தில்லை என்பது மெய். அவர்களுக்குக் கிடைப்பது பால் குடியின் நல்ல தொடக்கமும், சூடும், நிம்மதியும். அதுவும் சிறு லாபமன்று.

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். திருக்குர்ஆனில் மூஸா (அலை) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். ஃபிர்அவ்னின் ஆட்கள் ஆண் பிள்ளைகளைக் கொன்று வந்த காலம். அந்தத் தாய்க்கு அல்லாஹ் உணர்த்திய முதல் காரியம் பாலூட்டு என்பதே. ஆபத்து வந்தால் ஆற்றில் விடு என்பது அதன் பிறகே. அரண்மனைக்குப் போன பிள்ளைக்கு எத்தனை செவிலித் தாய்மார் வந்தும் பால் குடிக்கவில்லை. கடைசியில் பெற்றவளிடமே பிள்ளை திரும்பி வந்தது. அவள் கண் குளிர வேண்டும், அவள் கவலை தீர வேண்டும் என்பதற்காகவே அவளிடம் திருப்பியதாக அல்லாஹ் சொல்லுகிறான். ராஜாவின் அரண்மனையிலும் தாயின் இடத்துக்கு வேறொரு இடம் ஈடாகவில்லை. அப்படியிருக்க, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நிற்கும் நம் கை எப்படி ஈடாகும்?

மற்றொன்று வியாபாரிகளுக்கென்றே அமைந்தது போன்ற சம்பவம். உமர் (ரலி) அவர்கள் கலீபாவாக இருந்த காலத்தில் ஒரு வியாபாரக் கூட்டம் மதீனாவுக்கு வந்து தங்கியது. இரவில் அவர்களுக்குக் காவலாகக் கலீபாவே நின்றார்கள். ஒரு குழந்தை ஓயாமல் அழுதது. தாயிடம் போய்க் கேட்டார்கள். பால்குடி மறந்த பிள்ளைகளுக்குத்தான் உமர் உதவித்தொகை கொடுக்கிறார், அதற்காகச் சீக்கிரமே பாலை மறக்கடிக்கிறேன் என்றாள் அவள், கேட்பவர் இன்னாரென்று அறியாமல். அன்று ஸுபுஹுத் தொழுகையில் கலீபா அழுத அழுகையில் அவர்கள் ஓதியது மக்களுக்குச் சரியாக விளங்கவில்லை என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. எத்தனை பிள்ளைகளுக்குத் தாம் கேடு செய்துவிட்டோம் என்று தம்மையே நொந்துகொண்டு, இனிப் பிறந்த நாள் முதலே தொகை உண்டு என்று அன்றைக்கே உத்தரவிட்டார்கள்.

சகோதரர்களே, கலீபா அவர்கள் கெட்ட எண்ணத்தில் அந்த விதியை வைக்கவில்லை. ஆயினும் வெளியே ஆண்கள் செய்த ஓர் ஏற்பாடு, உள்ளே தாய்க்கும் சேய்க்கும் நடுவில் போய் நின்றது. தெரிந்த அன்றே அவர்கள் அதை மாற்றினார்கள். நாமும் கெட்ட எண்ணத்தில் பிள்ளையை வாங்கவில்லை. பாங்கு சொல்லத்தான் வாங்கினோம். தெரிந்த பிறகு மாற்றிக்கொள்கிறோமா என்பதுதான் கேள்வி.

பாங்கை விட்டுவிடச் சொல்லவில்லை. ஹஸன் (ரலி) அவர்கள் பிறந்தபோது பெருமானார் (ஸல்) அவர்கள் காதில் பாங்கு சொன்னதாக அறிவிப்பு வந்திருக்கிறது. நம் முன்னோர் கைவிடாமல் போற்றி வந்த வழக்கம் அது. ஆனால் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்தெடுத்துத்தான் சொல்ல வேண்டும் என்றோ, குளிப்பாட்டிய பிறகுதான் சொல்ல வேண்டும் என்றோ ஷரத்து உண்டா? நம் பள்ளிவாசல் இமாம் அவர்களிடம் கேட்டோம். அப்படி ஒரு ஷரத்தும் இல்லை என்றார்கள். தாயின் மார்பில் போர்வைக்குள் கிடக்கும் பிள்ளையின் காதருகே தகப்பன் குனிந்து மெல்லிய குரலில் சொன்னால் போதும். அல்லாஹ்வின் பெயர் கேட்கும் அதே நேரத்தில் ரஹ்மத்தின் மடியில் பிள்ளை கிடக்கிறது. இதைவிட அழகு என்ன வேண்டும்?

குளிப்பாட்டுவதற்கும் அவசரம் வேண்டாம். 24 மணி நேரமாவது பொறுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. உடம்பில் ஒட்டியிருக்கும் வெண்மையான மாவு போன்றது அழுக்கன்று, சருமத்துக்குக் காவல். இரத்தத்தைத் துடைத்தால் போதும்.

சேனை வைப்பதும் முதல் பாலுக்குக் குறுக்கே நிற்பதே. தேன் வைப்பதாக இருந்தால் அது ஆபத்துங்கூட; தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியால் ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடிய நோய் வரலாம் என்பதால் வைத்தியர்கள் தடுக்கிறார்கள். சஹாபாக்கள் தம் பிள்ளைகளைப் பெருமானாரிடம் கொண்டு சென்று பேர்ச்சம்பழத்தால் தஹ்னீக் செய்வித்தது, அந்தத் திருவாயின் பரக்கத்தை நாடி. நம்மில் எவருடைய எச்சிலுக்கு அந்த பரக்கத்து உண்டு? தஹ்னீக் செய்ய விரும்புகிறவர்கள் டாக்டரைக் கலந்துகொண்டு, முதல் பால் குடித்த பின் நடந்துகொள்வது நலம்.

நம் பெண்களின் தயக்கங்களுக்கும் விடை சொல்ல வேண்டும். முதலாவது வெட்கம். வெட்கம் ஈமானைச் சேர்ந்தது. அதை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் மார்பின்மீது போர்வை இருக்கிறது. திரை இழுத்துவிடும்படி தாதியிடம் கேட்கலாம். புருஷனைத் தவிர ஆண்களை உள்ளே விட வேண்டாம் என்று சொல்லலாம். கேட்பது அவளுடைய ஹக்கு.

இரண்டாவது ஆபரேஷன். வயிற்றைக் கிழித்து எடுத்தாலும், தாய் மயங்காமல் விழித்திருந்து, இருவரும் நலமாக இருந்தால், மார்பில் வைக்க முடியும். அதற்கு முன்னதாகவே டாக்டரிடம் கேட்டு வைக்க வேண்டும். தாய்க்கு இயலாத நேரத்தில் தகப்பன் சட்டையைக் கழற்றித் தன் நெஞ்சில் பிள்ளையைப் போட்டுக்கொள்ளலாம். சிரிக்க வேண்டாம். தனக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று பெருமையாகச் சொன்ன ஒருவரிடம், இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்று பெருமானார் எச்சரித்த வரலாறு நாம் அறிந்ததே.

மூன்றாவது ஆபத்தைப் பற்றியது. பிள்ளை மூச்சு விடத் திணறினாலோ, தாய்க்கு இரத்தப் போக்கு மிகுந்தாலோ, டாக்டர்கள் உடனே பிரித்து எடுப்பார்கள். அப்போது அவர்களோடு வாதாடக் கூடாது. உயிரைக் காப்பதே முதல் கடமை. நலம் கண்ட பிறகு தொடங்கினாலும் நன்மை உண்டு. மார்பில் கிடக்கும்போதும் பிள்ளையின் முகம் தெரிய வேண்டும், மூக்கும் வாயும் அடைபடாமல் தலை ஒரு பக்கமாகத் திரும்பியிருக்க வேண்டும், கழுத்து மடங்கக் கூடாது. தாய் களைப்பில் கண்ணயர்ந்தால் பக்கத்தில் ஒருவர் விழித்திருந்து பார்க்க வேண்டும். போனைப் பார்த்துக்கொண்டு இருக்கும் நேரமன்று அது.

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன? ஏழாம் மாதத்திலேயே மகளையோ மருமகளையோ உட்கார வைத்து இதைச் சொல்லிவிடுங்கள். நமக்குக் கூச்சமாயிருந்தால் இவ்விதழை அவள் கையில் கொடுத்து, மனைவியைவிட்டுச் சொல்லச் செய்யுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது, “பிறந்ததும் என் மார்பில் வையுங்கள், அவசரமில்லாதவரை எடுக்காதீர்கள்” என்று அவள் தன் வாயாலேயே தாதியிடம் சொல்லிப் பழகட்டும். வீட்டுப் பெரியவர்களிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பிரசவ அறை வாசலில் விவாதம் செய்வது நல்லதன்று. போட்டோவும் மிட்டாயும் ஒரு மணி நேரம் பொறுக்கும். நம் சங்கத்தின் மாதர் பகுதியார் ஒரு தாதியை அழைத்து, புதிதாகத் தாயாகப் போகும் பெண்களுக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கூட்டம் நடத்தினால் அதற்கான தேநீர்ச் செலவை ஏற்க நாம் தயாராயிருக்கிறோம்.

முடிவாக ஒன்று. கடந்த ஆண்டு நம் மகளுக்குப் பிரசவமான அன்று மருமகன் மட்டுமே உள்ளே இருந்தார். அழுகுரல் கேட்டது. நாம் வழக்கம்போல் எழுந்தோம், பிறகு உட்கார்ந்துவிட்டோம். தவணைக்கு ஒரு நாள் பொறுக்காமல் கடன்காரனைத் தேடிப் போகிற ஆள் நாம். அன்று ஒரு மணி இருபது நிமிடம் அந்தப் பெஞ்சிலே தஸ்பீஹ் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மருமகன் வெளியே வந்து, “மார்பிலே வைத்தே பாங்கு சொல்லிவிட்டேன் மாமா. பிள்ளை தானாகவே தேடிப் பால் குடித்துவிட்டது” என்றார். பக்கத்தில் இருந்த நம் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருபத்துச் சொச்சம் வருஷத்துக் கடன். முழுவதும் அடைந்ததென்று சொல்ல மாட்டோம். ஒரு தவணை கட்டினோம்.

வல்ல நாயன் நம் பெண்மக்களுக்கு இலேசான பிரசவத்தையும், நம் பிள்ளைகளுக்கு நிறைந்த ஆயுளையும், தாய்க்கும் சேய்க்கும் உரியதை உரிய நேரத்தில் விட்டுக் கொடுக்கும் மனத்தை நமக்கும் தந்தருள்வானாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.